கல் பட்டறைக்கு எந்த மாஸ்க் வாங்குவது?

கேள்வி:

வணக்கம் ஐயா. ஓசூர் பக்கத்தில் கிரானைட் கட்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்தது, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். சமையல் மேடை, படிக்கல், வாஷ்பேசின் டாப் எல்லாம் செய்து கொடுக்கிறோம். இரண்டு வருடமாக பெங்களூர் அபார்ட்மென்ட் ஆர்டர்களில் குவார்ட்ஸ் ஸ்லாப்தான் அதிகம். பெரிய மெஷினில் தண்ணீர் விட்டுத்தான் அறுக்கிறோம். சிங்க் ஓட்டை, எட்ஜ் வேலை, சைட்டில் ஃபிட்டிங் எல்லாம் ஏஜி4 (கையில் பிடிக்கும் சின்ன கிரைண்டர்) வைத்து டிரையாகத்தான் நடக்கிறது. பையன்கள் துண்டு கட்டிக்கொள்கிறார்கள், சிலர் நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க் போடுகிறார்கள். ஹார்டுவேர் கடையில் கேட்டால் "என்95 வாங்குங்க, எல்லாத்துக்கும் அது போதும்" என்கிறார். ஆன்லைனில் இரண்டு பக்கமும் உருண்டை வைத்த மாஸ்க் காட்டுகிறது. ஒட்டுகிற பேஸ்ட் நெடிக்குத் தலைவலி வருகிறது என்றும் சொல்கிறார்கள். எங்கள் மாஸ்டர் தாடி வைத்தவர். "முப்பது வருஷமா துண்டுதான், எனக்கு என்ன ஆச்சு" என்று எதையும் போட மறுக்கிறார். ஆனால் சில மாதமாக அவருக்கு வறட்டு இருமல் இருக்கிறது. எதை வாங்குவது, எப்படிப் போட வைப்பது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

மாஸ்க் பேச்சுக்கு முன்னால் மாஸ்டரின் இருமலைப் பார்ப்போம். முப்பது வருடக் கல் வேலை, மாதக்கணக்கில் வறட்டு இருமல். இதில் காத்திருக்க எதுவும் இல்லை. இந்த வாரமே அவரைக் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போங்கள். இருமல் என்று மட்டும் சொன்னால் சிரப் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடக்கூடும். "முப்பது வருஷமா கல் அறுக்கிறார், இரண்டு வருஷமா குவார்ட்ஸ்" என்று உள்ளே போனதும் சொல்லிவிடுங்கள். மார்பு எக்ஸ்ரே, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி, சளிப் பரிசோதனை மூன்றும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கல்லில் இருக்கும் சிலிக்கா என்ற கனிமத்தின் தூசு படிந்த நுரையீரலில் காசநோய் எளிதாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எக்ஸ்ரேயில் ஒன்றை இன்னொன்றாக நினைப்பதும் நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. கல் வேலை என்பது டாக்டருக்குத் தெரியாததால் டிபி மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு, ஆள் மறுபடி அதே தூசுக்கே வேலைக்கு வந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். முடிவு தெரியும்வரை மாஸ்டரைத் தூசு வேலையில் விடாதீர்கள். அளவெடுப்பது, டெம்ப்ளேட் போடுவது, பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பது என்று அவர் அனுபவத்துக்கு ஏற்ற வேலை நிறைய இருக்கும். சம்பளத்தில் கை வைக்காதீர்கள். கை வைத்தால் அடுத்தவன் தன் இருமலை மறைப்பான்.

மற்ற ஐந்து பேருக்கும் இப்போதே ஒரு எக்ஸ்ரேயும் ஸ்பைரோமெட்ரியும் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம். சிலிக்கா தூசால் வரும் நுரையீரல் நோய்க்கு சிலிகோசிஸ் என்று பெயர். அது வந்துவிட்டால் குணமாக்க மருந்து கிடையாது. தூசிலிருந்து விலகிய பிறகும் அது மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகலாம். அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

சரி, இப்போது கல்லுக்கு வருவோம். எந்த மாஸ்க் என்று கடைக்காரர் சொல்ல முடியாது. உங்கள் பட்டறைக் காற்றில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதுதான் அதைச் சொல்லும்.

கிரானைட்டில் சிலிக்கா ஏறக்குறைய 20 முதல் 45 சதவீதம் இருக்கும். மார்பிளில் மிகக் குறைவு. நீங்கள் இரண்டு வருடமாக அறுக்கும் குவார்ட்ஸ் ஸ்லாப் மலையிலிருந்து வெட்டியெடுத்த கல் கிடையாது. சிலிக்காவின் ஒரு வடிவமான குவார்ட்ஸை அரைத்து, பிசினில் குழைத்து அழுத்தி வார்த்தது. பெரும்பாலான ஸ்லாப்களில் சிலிக்கா 90 சதவீதத்துக்கும் மேல். ஸ்லாப் விற்பவரிடம் பாதுகாப்புத் தகவல் தாள் கேளுங்கள், அதில் சதவீதம் போட்டிருக்கும். தர மறுத்தால் 90க்கு மேல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டர் சொல்லும் முப்பது வருஷத்துக்கு பதில் இங்கேதான் இருக்கிறது. அவர் காலத்தில் அறுத்தது கிரானைட். அந்தத் தூசில் வரும் சிலிகோசிஸ் வழக்கமாகப் பத்து வருடம், இருபது வருடம் கழித்துத்தான் தலைகாட்டும். அதாவது "எனக்கு என்ன ஆச்சு" என்று கேட்கிற வயதில்தான் அது வெளியே வரும். குவார்ட்ஸ் ஸ்லாப் அவ்வளவு காலம் கொடுப்பதில்லை. கலிஃபோர்னியாவில் இந்த ஸ்லாப் அறுத்து சிலிகோசிஸ் வந்த 52 பேரைப் பற்றிய ஆய்வு 2023இல் வெளியானது. அவர்களின் நடு வயது 45. ஆய்வு வெளிவருவதற்குள் பத்துப் பேர் இறந்துவிட்டிருந்தார்கள். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்த ஸ்லாப்பையே தடை செய்துவிட்டது. மாஸ்டரின் அனுபவம் பெரியது, ஆனால் அந்த அனுபவம் வேறு கல்லோடு வந்தது. இதை அவர் மனம் நோகாமல் நீங்கள் தனியாக உட்கார்ந்து சொல்ல வேண்டும். பையன்கள் முன்னால் சொல்லாதீர்கள்.

அளவைப் பார்ப்போம். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 2016இல் வைத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்கா. கல் வேலை செய்பவர் ஒரு ஷிஃப்டில் சுமார் பத்து கனமீட்டர் காற்றை இழுப்பார். அப்படியானால் அன்று முழுவதும் அவர் நுரையீரலுக்குள் போகலாம் என்று அனுமதிப்பது அரை மில்லிகிராம். ஒரு சின்ன சர்க்கரைத் துகளின் எடை. 2025 நவம்பர்வரை நடப்பில் இருந்த நம் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வேறு மாதிரி கணக்குப் போட்டது: தூசில் உள்ள குவார்ட்ஸ் சதவீதத்தோடு 2 கூட்டி, அதால் 10ஐ வகுக்க வேண்டும். 30 சதவீதம் உள்ள கிரானைட் தூசு என்றால் கனமீட்டருக்கு 0.31 மில்லிகிராம்வரை. 90 சதவீதம் உள்ள குவார்ட்ஸ் தூசு என்றால் 0.11 மட்டும்தான். கல் மாறியதும் வரம்பு மூன்றில் ஒன்றாக இறங்கிவிட்டது பாருங்கள். அதே சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சிலிகோசிஸ் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக இருந்தது.

இன்னொன்று. ஏஜி4 ஓடும்போது வெயிலில் பறந்து தெரிகிறதே, கண்ணிமையில் வெள்ளையாகப் படிகிறதே, அது பெரிய தூசு. அதில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கி வெளியே வந்துவிடும். நுரையீரலின் அடிவரை போவது சில மைக்ரான் அளவுள்ளது. கண்ணுக்குத் தெரியாது. மெஷினை நிறுத்திய பிறகும் நெடுநேரம் காற்றில் மிதந்துகொண்டிருக்கும். தூசு அடங்கிவிட்டது என்று துண்டைக் கழற்றி டீ குடிக்கிற நேரத்தில்தான் அது உள்ளே போகிறது.

இதனால்தான் முதல் செலவைத் தண்ணீருக்குச் செய்யச் சொல்கிறேன், மாஸ்க் அப்புறம். டிரையாகக் குவார்ட்ஸ் தேய்ப்பதற்கு ஈடு கொடுக்கிற மாஸ்க் என்று நான் எதையும் பரிந்துரைக்க மாட்டேன். சிங்க் ஓட்டையைப் பெரிய மெஷினிலேயே முடிந்த அளவு முடித்துவிடுங்கள். எட்ஜ் பாலிஷுக்கு நடுவில் தண்ணீர் வருகிற வெட் பாலிஷர் வாங்குங்கள். சாதாரண கரண்ட் கிரைண்டரில் ஒருவன் பாட்டிலால் தண்ணீர் ஊற்ற இன்னொருவன் தேய்ப்பதை எத்தனையோ பட்டறைகளில் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தூசுக்குத் தப்பி ஷாக்கில் போய்விடும் உயிர். கம்ப்ரசர் காற்றில் ஓடும் வெட் பாலிஷர் நல்லது. கரண்டில் ஓடுவது என்றால் தண்ணீரோடு வேலை செய்யவே தயாரித்த மெஷினாக இருக்க வேண்டும், லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம்.

சைட்டில் தண்ணீர் விட முடியாது, வீட்டுக்காரர் கத்துவார், தெரியும். அதற்கு வழி, அளவைச் சரியாக எடுத்துப் பட்டறையிலேயே முடித்துக்கொண்டு போவது. சைட்டில் அரை இஞ்ச் தேய்க்க வேண்டி வந்தால் வெளியே திறந்த இடத்துக்கு எடுத்துப் போய், பிளேடைச் சுற்றி மூடியும் வேக்குவம் குழாயும் உள்ள கிரைண்டரில் செய்யுங்கள். வேக்குவம் ஹெப்பா ஃபில்டர் வைத்ததாக இருக்கட்டும். சாதாரண வேக்குவம் நுண்ணிய தூசைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும்.

தரையில் ஓடும் சேற்றுத் தண்ணீரைக் காய விடாதீர்கள். காய்ந்தால் அதே சிலிக்கா மறுபடி பறக்கும். ஈரமாக இருக்கும்போதே கழுவித் தள்ளுங்கள், துடைப்பம் போடாதீர்கள். சாயங்காலம் கம்ப்ரசர் காற்றை உடம்பில் அடித்துச் சட்டையைச் சுத்தம் செய்கிற பழக்கம் உங்கள் பட்டறையிலும் இருக்கும். அதை நாளைக்கே நிறுத்துங்கள். வேலைச் சட்டை பட்டறையிலேயே இருக்கட்டும், அங்கேயே நனைத்துத் துவைக்க ஏற்பாடு செய்யுங்கள். அதை வீட்டில் உதறுகிற மனைவியும் பக்கத்தில் விளையாடும் குழந்தையும் மாஸ்க் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு காற்றில் மிஞ்சும் தூசுக்குத்தான் மாஸ்க்.

துண்டு இந்தத் தூசைத் தடுக்காது. நெய்த துணியின் இடைவெளி அதற்கு வாசல் மாதிரி. சர்ஜிக்கல் மாஸ்க் எச்சில் துளிக்காகச் செய்தது. கன்னத்தோரம் திறந்தே இருக்கும், மூச்சு இழுக்கும்போது காற்று அந்த வழியாகத்தான் வரும்.

என்95 என்பது அமெரிக்காவின் நியாஷ் அமைப்பு தரும் தரம். பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுள்ள துகளில் குறைந்தது 95 சதவீதத்தை அதன் ஃபில்டர் பிடிக்க வேண்டும். என் என்றால் எண்ணெய்ப் புகைக்கு ஆகாது என்று பொருள். கல் தூசில் எண்ணெய் இல்லை, அதனால் பிரச்சினை இல்லை. ஐரோப்பிய முறையில் இதற்கு நெருக்கமானது எஃப்எஃப்பி2, 94 சதவீதம். எஃப்எஃப்பி3 என்றால் 99. நம் ஐஎஸ் 9473 தரமும் இந்த எஃப்எஃப்பி வகைகளைத்தான் பின்பற்றுகிறது. எஃப்எஃப்பி1 80 சதவீதம்தான், கல் வேலைக்கு வேண்டாம்.

இங்கேதான் கடைக்காரரும் நிறைய பேரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 95 சதவீதம் என்பது ஃபில்டர் துணியின் கணக்கு. முகத்தில் போட்ட பிறகு ஓரத்தில் கசிவது தனி. ஓஷா இதற்கென்று ஒரு எண் வைத்திருக்கிறது: வெளியே உள்ள தூசு மாஸ்க்குக்குள் எத்தனை மடங்கு குறையும் என்று எதிர்பார்க்கலாம் என்பது. என்95க்கும், மூக்கு வாயை மூடும் ரப்பர் ஹாஃப் மாஸ்க்குக்கும் அந்த எண் 10. முழு முகத்தையும் மூடுவதற்கு 50. மோட்டார் வைத்துக் காற்றை வடிகட்டி உள்ளே தள்ளும் பிஏபிஆர் வகையில் முகத்தோடு தளர்வாக இருப்பதற்கு 25, இறுக்கமான முழுமுக வகைக்கு 1000. இதெல்லாம் சரியாகப் பொருந்தி, வேலை நேரம் முழுவதும் கழற்றாமல் போட்டிருந்தால் வரும் எண்கள்.

கணக்கை உங்கள் பட்டறையில் வைத்துப் பாருங்கள். காற்றில் சிலிக்கா கனமீட்டருக்கு 500 மைக்ரோகிராம் என்றால், பத்தால் வகுத்து 50. என்95 வரம்பின் விளிம்பில் வந்து நிற்கும். 2,000 இருந்தால் மாஸ்க்குக்குள்ளேயே 200, வரம்பைப் போல நான்கு மடங்கு. மூடிய ஷெட்டில் டிரையாகக் குவார்ட்ஸ் தேய்த்தால் இந்த அளவெல்லாம் சாதாரணமாகத் தாண்டும். "என்95 எல்லாத்துக்கும் போதும்" என்பது அதனால்தான் ஆபத்தான பேச்சு.

என் பரிந்துரை இதுதான். கிரானைட்டை ஈரமாக அறுத்து, ஈரமாகப் பாலிஷ் போடும் வேலைக்கு: கழுவி மறுபடி பயன்படுத்தும் சிலிக்கோன் ஹாஃப் மாஸ்க், பி100 (அமெரிக்க முறை) அல்லது பி3 (ஐரோப்பிய முறை) என்ற உயர்தரத் தூசு ஃபில்டரோடு. நீங்கள் ஆன்லைனில் பார்த்த உருண்டை வைத்தது இந்த வகைதான். ஒருமுறை போடுகிற மாஸ்க்குக்கும் இதற்கும் ஓஷா எண் ஒன்றுதானே என்று கேட்கலாம். தினமும் போடுகிறவனுக்கு சிலிக்கோன் முகத்தில் நன்றாகப் படியும், வியர்வையில் ஊறித் தொய்யாது, ஃபில்டரும் உயர்ந்தது. ஆறு பேருக்கு நாளுக்கு ஒன்று என்று என்95 வாங்கினால் மாதம் 150க்கு மேல் ஆகும். நடைமுறையில் யாரும் வாங்குவதில்லை, ஒன்றையே வாரம் முழுக்கப் போடுகிறார்கள். ஹாஃப் மாஸ்க் அந்த ஏமாற்று வேலைக்கு இடம் கொடுக்காது. என்95ஐ லோடு இறக்குவது, சைட்டை எட்டிப் பார்ப்பது போன்ற சின்ன வேலைக்கும், வருகிற போகிறவர்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

குவார்ட்ஸுக்கு என் பதில் வேறு, உங்களுக்குப் பிடிக்காமலும் போகலாம். கலிஃபோர்னியா 2023 டிசம்பரில் கொண்டுவந்த விதி, இந்த ஸ்லாப்பை டிரையாகத் தேய்ப்பதைத் தடை செய்தது. தண்ணீர் விட்டு அறுத்தாலும் தேய்த்தாலும் மோட்டார் வைத்த முழுமுக மாஸ்க் அல்லது அதற்கு இணையானது வேண்டும் என்கிறது. அதற்குக் காரணமான நுரையீரல்களை அங்கே டாக்டர்கள் பார்த்துவிட்டார்கள். ஆகவே குவார்ட்ஸ் எடுப்பதாக இருந்தால் முழுக்க ஈர வேலை, அந்த வேலையில் நிற்கும் ஒருவர் இருவருக்கு பிஏபிஆர். விலை அதிகம்தான், பேட்டரி சார்ஜ், ஃபில்டர் என்று தொடர்ச் செலவும் உண்டு. அந்தச் செலவை ஆர்டர் தாங்காது என்றால் குவார்ட்ஸ் ஆர்டரை விட்டுவிடுங்கள். கிரானைட்டும் மார்பிளும் உங்கள் அப்பாவுக்குச் சோறு போட்டவை. வாடிக்கையாளரிடம் காரணத்தைச் சொன்னால் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

வாங்கும்போது முத்திரையைப் பாருங்கள். ஒருமுறை போடுகிற எஃப்எஃப்பி மாஸ்க் என்றால் ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 9473 என்றும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். நியாஷ் என்று போட்டிருந்தால் மாஸ்க்கின் மேலேயே டிசி-84ஏ என்று தொடங்கும் அனுமதி எண் இருக்கும். காதில் மாட்டும் பட்டையோடு நியாஷ் என்95 என்று விற்றால் நம்பாதீர்கள். அந்த அனுமதி பெற்றவை தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போடுபவை. காதுப் பட்டை முகத்தோடு இறுக்கிப் பிடிக்காது என்பதே காரணம்.

மாஸ்க் ஒரே சைஸில் மொத்தமாக வாங்காதீர்கள். ஹாஃப் மாஸ்க்கில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று வருகிறது. கடையில் பெரும்பாலும் நடுத்தரம்தான் இருக்கும், ஒட்டிய கன்னம் உள்ள பையனுக்கு அது பொருந்தாமல் போகலாம். போட்டதும் ஒவ்வொரு முறையும் இரண்டு சோதனை. இரண்டு ஃபில்டரையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டு மெல்ல மூச்சை இழுக்க வேண்டும்: மாஸ்க் முகத்தோடு ஒட்டி உள்வாங்கி அப்படியே நிற்க வேண்டும். அப்புறம் வெளிமூச்சு வால்வை மூடி மெல்ல ஊத வேண்டும்: லேசாக உப்பி, எங்கும் காற்று சீறாமல் இருக்க வேண்டும். மூக்கோரம் சீறினால் பட்டையைச் சரிசெய்து மறுபடி.

வாங்கிய புதிதில் ஒருமுறையும், பிறகு வருடத்துக்கு ஒருமுறையும் முறையான ஃபிட் டெஸ்ட் செய்யுங்கள். தலைக்கு மேல் ஒரு ஹூட் மாட்டி, இனிப்பான சாக்கரின் அல்லது கசப்பான கரைசலைப் புகைமாதிரி அடிப்பார்கள். போட்டிருப்பவர் தலையை இடம் வலம் திருப்ப வேண்டும், குனிந்து நிமிர வேண்டும், சத்தமாகப் பேச வேண்டும். நாக்கில் சுவை தட்டினால் அந்த மாஸ்க் அவருக்கு இல்லை. பாதுகாப்புப் பொருள் விற்கும் பெரிய டீலர்கள் சிலர் வந்து செய்து தருகிறார்கள், கேட்டுப் பாருங்கள். வேறு எதுவும் தெரியாவிட்டாலும் ஒன்றைக் கவனிக்கலாம். வேலை முடிந்து மாஸ்க்கைக் கழற்றும்போது மூக்கின் பக்கவாட்டிலும் தாடையோரத்திலும் பாருங்கள். மாஸ்க் ஓரம் படிந்த கோட்டைத் தாண்டி உள்பக்கமாக வெள்ளைக் கீற்று ஓடியிருந்தால் அந்த வழியாகத் தூசு போய்க்கொண்டிருக்கிறது.

தாடிக்கு வருகிறேன். மாஸ்க்கின் ஓரம் உட்காரும் இடத்தில் முடி இருந்தால் எவ்வளவு விலை கொடுத்த ஹாஃப் மாஸ்க்கும் வேலை செய்யாது. நீண்ட தாடி மட்டுமில்லை, இரண்டு நாள் முள்தாடியும் கசிய விடும். மீசை மாஸ்க்குக்குள் அடங்கினால் பரவாயில்லை. மாஸ்டர் தாடியை எடுக்க வேண்டும் என்று நீங்கள் கட்டாயப்படுத்த வேண்டாம். அது வேண்டுதலாக இருக்கலாம், மார்க்கமாக இருக்கலாம், அவர் விருப்பமாகவும் இருக்கலாம். டாக்டர் அவரை வேலைக்கு விட்டால், தலையையும் தோளையும் மூடித் தளர்வாக நிற்கும் ஹூட் வகை பிஏபிஆர் வாங்கிக் கொடுங்கள். தாடிக்கும் அதற்கும் சண்டையில்லை. முகத்தில் காற்று வீசிக்கொண்டே இருப்பதால் ஓசூர் சித்திரை வெயிலிலும் அவருக்கு மூச்சு முட்டாது. தயாரித்தவர் சோதனை செய்து சான்று கொடுத்த ஹூட்டுக்கு ஓஷா எண் 1000 வரை போகும், அந்தச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். மாஸ்டர் அதைப் போட்டு நின்றால் பையன்களுக்கு நீங்கள் வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. உங்கள் பட்டறையில் அவர் செய்வதுதான் வழக்கம்.

பேஸ்ட் நெடி தனிக் கதை. இதற்கு என்95ம் ஆகாது, பி100ம் ஆகாது. அவை துகளைப் பிடிப்பவை. நெடி என்பது ஆவி, அது ஃபில்டர் வழியே தாராளமாகப் போகும். கல் ஒட்டும் பாலியெஸ்டர் பேஸ்ட்டில் ஸ்டைரீன் இருக்கிறது, தலைவலி அதனால் வந்திருக்க வாய்ப்பு அதிகம். துடைக்க அசிட்டோன், தின்னர் பயன்படுத்தினால் அதுவும் சேரும். முதல் வேலையாக ஒட்டும் மேஜையை ஷெட்டின் ஓரத்துக்குக் கொண்டுபோய், எக்ஸாஸ்ட் ஃபேன் நெடியை ஆளின் முகத்தைத் தாண்டாமல் வெளியே இழுக்கும்படி வையுங்கள். டப்பா மூடியை உடனுக்குடன் மூடச் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். அதன் மேல், அதே ஹாஃப் மாஸ்க்கில் கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜும் தூசு ஃபில்டரும் சேர்ந்ததை மாட்டலாம்.

கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நம் கடைகளில் அமெரிக்க வகையும் ஐரோப்பிய வகையும் கலந்து கிடக்கின்றன. அமெரிக்க முறையில் கரிம ஆவிக்குக் கறுப்பு, ஐரோப்பிய முறையில் பழுப்பு, ஏ என்ற எழுத்து. மஞ்சள் அமெரிக்காவில் கரிம ஆவியும் அமில வாயுவும் சேர்ந்தது. ஐரோப்பாவில் அமில வாயு மட்டும், பேஸ்ட் நெடிக்கு உதவாது. மேலே அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள். அசிட்டோன் 56 டிகிரியிலேயே கொதிக்கும் பொருள், சாதாரணக் கார்ட்ரிட்ஜில் நெடுநேரம் நிற்காது. ஐரோப்பிய முறையில் அதற்கு ஏஎக்ஸ் என்று தனி வகை வைத்திருக்கிறார்கள். உங்கள் வேலைக்கு அசிட்டோனைக் குறைப்பதே சுலபம்.

தூசு ஃபில்டர் அடைத்தால் மூச்சு இழுக்கக் கனமாகும், அப்போது மாற்றினால் போதும். கார்ட்ரிட்ஜ் அப்படி எச்சரிக்காது. உள்ளே இருக்கும் கரி நிறைந்துவிட்டால் ஆவி சத்தமில்லாமல் உள்ளே வரும். நெடி வந்தால் மாற்றலாம் என்று இருக்கக் கூடாது, மூக்கு பழகிப்போய்விடும். திறந்த தேதியை மார்க்கரில் கார்ட்ரிட்ஜ் மேலேயே எழுதுங்கள். உங்கள் பேஸ்ட்டின் பெயரைச் சொல்லி எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று தயாரிப்பாளரிடம் கேட்டு அதன்படி செய்யுங்கள். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டு மூட வேண்டும். மேஜையில் திறந்து வைத்தால் யாரும் போடாதபோதும் அது காற்றிலுள்ள நெடியைக் குடித்துத் தீர்ந்துகொண்டிருக்கும்.

கார்ட்ரிட்ஜ் கையில் வந்துவிட்டால் சிலருக்கு ஒரு தைரியம் வரும், அதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன். சேற்றுத் தண்ணீர்த் தொட்டி, கிணறு, செப்டிக் டேங்க் எதிலும் இந்த மாஸ்க்கை நம்பி யாரையும் இறக்காதீர்கள். இவை இருக்கிற காற்றை வடிகட்டுபவை, ஆக்சிஜனை உண்டாக்குபவை அல்ல. தொட்டியை வெளியே நின்று பம்பால்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. ஃபில்டரைக் கழற்றிவிட்டு மாஸ்க்கை இளஞ்சூட்டுத் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி நிழலில் காய விடுங்கள். வெளிமூச்சு வால்வின் மெல்லிய ரப்பர் இதழைத் தூக்கிப் பாருங்கள். அதன் அடியில் ஒரு மணல் துகள் சிக்கியிருந்தாலும் ஒவ்வொரு மூச்சுக்கும் தூசு உள்ளே வரும். காய்ந்ததும் பெயர் எழுதிய டப்பாவில் போட வேண்டும். மெஷின் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டால் இரவெல்லாம் தூசு உள்பக்கம்தான் படியும். என்95ஐ மட்டும் கழுவவே கூடாது. அதன் துணியில் ஏற்றியிருக்கும் மின்னூட்டம்தான் நுண்தூசை இழுத்துப் பிடிக்கிறது. சோப்பும் சானிடைசரும் அதைப் போக்கிவிடும், பார்க்கப் புதிதாக இருக்கும், பிடிக்காது. ஷிஃப்ட் முடிந்ததும் தூக்கிப் போடுங்கள்.

கடைசியாக, நான் மேலே சொன்ன எண்களெல்லாம் உங்கள் காற்றை அளக்காமல் சொன்னவை. இடுப்பில் ஒரு சின்ன பம்பையும், அதோடு குழாயால் இணைத்த ஃபில்டரைச் சட்டைக் காலரிலும் மாட்டி ஷிஃப்ட் முழுக்கக் காற்றை இழுத்து, அந்த ஃபில்டரைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி அளப்பார்கள். சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் இதற்கான ஆட்கள் இருக்கிறார்கள். மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் உங்கள் பகுதி அலுவலகத்திலும் வழி கேட்கலாம். ஆறு பேர் பட்டறைக்கு எதற்கு வம்பு என்று தயங்காதீர்கள். ஆலோசனை கேட்டுப் போகிறவரை யாரும் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. தண்ணீர் ஏற்பாட்டை முடித்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள், அந்த ரிப்போர்ட்டையும் ஸ்லாப்பின் தகவல் தாளையும் எனக்கு அனுப்பினால், எந்த வேலையில் நிற்பவருக்கு ஹாஃப் மாஸ்க் போதும், யாருக்குப் போதாது என்று ஆள்வாரியாக எழுதித் தருகிறேன்.